சாப்பிட்ட பிறகு, மூன்று வேளை

நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் கடவுளுக்கும் டாக்டருக்கும் நன்றி சொல்லித்தான் எழுத ஆரம்பிப்பார்கள். நானும் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் நன்றி. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. காசநோய் வந்து, வைத்தியம் பார்த்து, பாதியில் கெட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துப் பிழைத்து வந்தவள் நான். அத்தனை நாளும் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "மாத்திரையைப் போய் எப்படிம்மா மறந்தே?" கேட்டவர்களில் ஒருவர்கூடப் பதில் சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை. இங்கே குறுக்கே பேச ஆள் இல்லை. அதனால் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் நாலு பேர். என் கணவர் கோவிந்தன் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கு முந்திய தலைமுறைவரை பிறத்தியார் வயலில் நாற்று நட்ட குடும்பம்தான். அந்த வயலில் பாதிக்கு மேல் இன்றைக்குக் கம்பெனி நிற்கிறது. மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. மகள் லட்சுமி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் பஞ்சாயத்துப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள். கப்பலில் வந்த கோதுமை ரவையை அண்டா அண்டாவாகக் கிண்டி, பிள்ளைகளுக்கு மணி அடித்த உடனே பரிமாறிவிடுவேன். ஒரு நாளும் தாமதமானது கிடையாது. நான் எட்டாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் வாசிப்பேன் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் எல்லோரும் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசினார்கள்.

முதலில் இருமல்தான். அடுப்புப் புகை என்று நினைத்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், ரவிக்கை தொளதொளத்துப் போனது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் இருமினபோது முந்தானையில் ரத்தம். அன்றைக்கே தலைமையாசிரியர், "சரோஜா, நீ குணமாயிட்டேன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கிறவரைக்கும் அடுப்புப் பக்கம் வராதே, உன் இடம் அப்படியே இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அண்டாவைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தபோது அழுதுகொண்டேதான் நடந்தேன்.

திருவள்ளூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், இன்னும் நான் அங்கே போக வேண்டியிருக்கிறது. பெரியபாளையத்தில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். கணவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வந்தார். கையில் குடை. இந்தக் குடையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அது போகும் இடமெல்லாம் அவர் மறந்து வைத்துவிட்டு வருவார், நான் ஞாபகப்படுத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து இது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கும் பஸ்ஸில், எக்ஸ்ரே அறை வாசலில், டீக்கடையில் என்று மூன்று இடத்தில் "கொட" என்றேன். மூன்று இடத்திலும் திரும்பி எடுத்துக்கொண்டார்.

வெளிநோயாளிகள் கூடத்தில் காத்திருப்பதை என்னவென்று சொல்வது. பெஞ்சில் இடம் இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். இருமாதவர் ஒருவரும் இல்லை. சளியை மூடி போட்ட தகர டப்பாவில் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பார்கள். கிருமி தெரிந்தால் பாசிட்டிவ். எனக்குத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் குழி. டாக்டர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். எனக்கு மகனாக இருக்கப் பெரியவர், தம்பியாக இருக்கப் பொருத்தமானவர். குழியைப் பென்சிலால் சுட்டிக் காட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. இதுக்கு இப்போ மருந்து இருக்கு. தினம் ஊசி. அப்புறம் மாத்திரை. சாப்பிட்ட பிறகு, மூணு வேளை. ஒரு வேளைகூட விடக் கூடாது."

கணவர் என் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

ஊசியை எங்கள் ஊர் கம்பவுண்டர் போட்டுவிடுவார். இடுப்பு வீங்கும், காதில் வண்டு ரீங்காரமிடும். அது போகட்டும். மாத்திரைதான் பெரிய பாடு. வெள்ளை வெள்ளையாக, புளியங்கொட்டையைவிடப் பெரிது. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி. வெறும் வயிற்றில் போட்டால் குடலைக் கிளறிவிடும். ஒரு தடவை போட்டுப் பார்த்து வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அதனால்தான் சாப்பிட்ட பிறகு.

இப்போது எங்கள் வீட்டில் யார் எப்போது சாப்பிடுவார்கள் என்று சொல்கிறேன். டாக்டர் இதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

காலையில் கம்பெனிச் சங்கு ஊதும் முன்னே கணவருக்கு நாஷ்டா. பிறகு மாமனாருக்கு. பிறகு லட்சுமிக்கு. அதன் பிறகு தண்ணீர், துணி, மண்ணெண்ணெய்க் கடை. எனக்கு எப்போது ஓய்கிறதோ அப்போது பழையது. சில நாள் பதினோரு மணி. சில நாள் காலையும் மத்தியானமும் ஒன்றாகிவிடும். மத்தியானம் மாமனார் சாப்பிட்டபின் ஊறப்போட்டதை அரைப்பேன், அரைத்து முடித்துச் சாப்பிட்டால் உண்டு. ராத்திரி கணவருக்கு இரண்டாவது ஷிப்ட் என்றால் அவர் வந்து சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். உட்கார்ந்தபடியே தூங்கியும் போவேன். நோய் வந்த பிறகு எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டும் லோட்டாவும் தனியாக வைத்தார்கள். சாப்பிடும் நேரத்தை மட்டும் யாரும் மாற்றி வைக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆண்கள் சாப்பிடுகிற நேரம் கடிகாரத்தில் இருக்கிறது. என்னுடையது பாத்திரம் காலியாவதில் இருந்தது. மூன்று வேளை என்பது என் வயிற்றுக்குத் தெரியாத கணக்கு.

ஒருவர் மட்டும் மறக்காமல் நினைவுபடுத்தினார். மாமனார். முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. லட்சுமியைச் சில சமயம் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் தன் தட்டில் கை கழுவின உடனே குரல் வந்துவிடும்.

"மருமவளே, மாத்திர!"

"நான் இன்னும் சாப்புடல மாமா."

"அப்போ சாப்புடு."

"அவரு வரட்டும்."

"அவன் வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா? மாத்திர அவனுக்கா, உனுக்கா?"

"இதோ மாமா, இந்தத் துணிய அலசிட்டு."

வேறு ஒரு வேலையும் இல்லாத மனிதருக்கு ஞாபகம் இப்படிக் கூர்மையாக இருக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. வயசானால் மறதி வரும் என்பார்கள். அவர் தலையில் அந்த ஒன்றுதான் இருந்தது, அது பத்திரமாக இருந்தது. என் தலையில் கணவருடைய ஷிப்ட், லட்சுமி பரீட்சைக்குப் பணம் கட்டும் தேதி, ரேஷன் கிழமை, மாமனாரின் கண் சொட்டு மருந்து, பால்காரர் கணக்கு எல்லாம் இருந்தன. அவருடைய சொட்டு மருந்தை நான் ஒரு வேளை விட்டதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இதற்கு நடுவில் ஆடி வந்தது. பெரியபாளையத்தில் பஸ் மாறும்போதெல்லாம் அம்மன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இருமல் நின்றால் உடம்பில் வேப்பிலை சுற்றி வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று வேண்டியிருந்தேன். வேண்டிக்கொண்டவள் சும்மா இருக்க முடியுமா? ஆடி வெள்ளியும் ஞாயிறும் ஒருபொழுது இருந்தேன். ஒரே வேளை சாப்பாடு, மற்றபடி தண்ணீர். சாப்பிட்டது ஒரு வேளை, மாத்திரையும் ஒரு வேளை. டாக்டர் சாப்பிட்ட பிறகு என்றுதானே சொன்னார்? சாப்பிடாதபோது எப்படிப் போடுவது? சத்தியமாக நான் அதை விட்டுவிட்டதாகவே நினைக்கவில்லை. எந்த நோய் தீர வேண்டும் என்று விரதம் இருந்தேனோ அந்த நோய்க்கே அது தீனியானது.

ஆவணியில் மறுபடி ரத்தம். இந்த முறை முந்தானையோடு நிற்கவில்லை. லட்சுமி அலறிக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டாரை அழைத்துவந்தாள். ஆஸ்பத்திரியில் சளி மறுபடி பாசிட்டிவ். குழி பெரிதாகியிருந்தது. அதோடு என்னை ஒரு சிறு பாட்டிலில் சிறுநீர் கொடுக்கச் சொன்னார்கள். எதற்கென்று தெரியாமலே கொடுத்தேன். டாக்டர் என் முன்னாலேயே அதில் ஒரு மருந்தைச் சொட்டினார். அந்த வெள்ளை மாத்திரை உடம்புக்குள் போயிருந்தால் சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறும். போகவில்லை என்றால் அப்படியே இருக்கும். அப்படியே இருந்தது. அன்றைக்குப் புதன்கிழமை, விரத நாள்கூட இல்லை. ரத்தம் பார்த்த பயத்தில் முதல் நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை.

"மாத்திரை போடலையேம்மா நீங்க?"

"போடறேன் டாக்டர். சாப்புட்டா போடறேன். ஆடியில ஒருபொழுது இருந்தேன், அப்போதான்..."

"வயசு என்ன?"

"நாப்பத்தி மூணு."

அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். வார்டுல சேர்த்துடுங்க." பிறகு என்னிடம், "இன்னொரு தடவை இப்படி நிறம் மாறாம இருந்தா உங்க பேரை எடுத்துடுவேன். மருந்தை ஒழுங்கா சாப்பிடறவங்க வெளியே காத்துட்டிருக்காங்க" என்றார்.

பேரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இலவச மருந்து போகும். அதைக் கடையில் வாங்க வேண்டுமென்றால் வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. அதாவது செத்துப்போவேன். கணவர் அன்றைக்கும் என் பின்னால் நின்று தலையாட்டினார்.

பெண்கள் வார்டும் ஆண்கள் வார்டும் எதிரெதிரே, நடுவில் ஒரு நடை. சுவரில் பாதிக்கு மேல் சன்னல். காற்றுதான் முதல் மருந்து என்று மார்கழிக் குளிரிலும் அடைக்க விடமாட்டார்கள். எங்கள் சிஸ்டர் நல்லவர். வாய்தான் பட்டாசு. மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் ஏன் ஆபத்து என்று அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பாதி அடிச்சு விட்ட கரப்பான் எப்படி அடுத்த தடவை தொடப்பத்தைப் பாத்ததும் ஒளிஞ்சுக்குது? அப்படித்தான் கிருமியும். பாதியில விட்டா மருந்தைப் பழகிக்கும். அப்புறம் எந்த மருந்தும் கேக்காது." பிறகு, "ஒருபொழுது அன்னிக்கு ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போட்டிருந்தா அம்மன் கோவிச்சுக்குமா?" என்றும் கேட்டார். அம்மன் கோபித்திருக்க மாட்டாள். ஆனால் இதை மருந்து கொடுத்த அன்றைக்கே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

வார்டில் வேலை பார்க்க ஆள் குறைவு. அதனால் அன்றன்றைக்கு மூன்று வேளை மாத்திரையையும் காலையிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள். அவரவர்தான் நினைவு வைத்துப் போட வேண்டும். வயசானவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. என் பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டிலிருந்து வந்த முனியம்மா என்ற கிழவி இருந்தாள். மீன்பிடிக் குடும்பம், தொண்டை சங்கு மாதிரி. அவள் மறந்துவிடுவாள் என்று சிஸ்டரே பக்கத்தில் நின்று வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். "இன்னா இது, கோழிக்குஞ்சிக்கு ஊட்ற மாரி ஊட்டிக்கினு கீறே?" என்று முனியம்மா வைவாள். ஒரு வேளை தப்பியதில்லை.

எதிர் வார்டில் ஆண்களுக்கு வேறு ஏற்பாடு. அவர்கள் மனைவிமார் வராந்தாவில் பாய் போட்டுத் தங்கியிருந்தார்கள். சாப்பாடு வந்ததும் தட்டைக் கழுவி, பிசைந்து வைத்து, கணவன் கை கழுவியதும் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பார்கள். அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயில் போட்டுக்கொள்வார். வாரத்துக்கு ஒரு நாள் நடையில் மேசை போட்டு எல்லோருடைய பாட்டிலிலும் சொட்டு விடுவார்கள். ஆண்கள் பாட்டில் எல்லாம் கருஞ்சிவப்பு. டாக்டர் அவர்களைப் பார்த்து, "வெரி குட், பொறுப்பா இருக்கீங்க" என்பார்.

என் பாட்டிலும் சிவந்தது. ஒவ்வொரு வாரமும் சிவந்தது. ஏன் சிவக்காது? பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குச் சோறு நேரத்துக்கு வந்தது. நான் பரிமாறாத சோறு, நான் யாருக்கும் காத்திருக்க வேண்டாத சோறு. ரொட்டியும் பாலும் வரும், சாப்பிடுவேன், மாத்திரை போடுவேன். சாம்பார் சாதம் வரும், சாப்பிடுவேன், போடுவேன். அதே நாற்பத்து மூன்று வயசு. அதே பொம்பளைதான். மறதி எங்கே போயிற்று? டாக்டர் என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா, கண்டிச்சதும் ஞாபகம் வந்துடுச்சு" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் லட்சுமியும் வருவார்கள். அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகக் கொடுப்பார். ஊசி போட்ட இடத்துக்குத் தவிட்டு ஒத்தடத்தைத் துணியில் முடிந்து கொண்டுவருவார். பஸ்ஸில் வருவதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஆறினாலும் அதை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்காக அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்து நிமிஷம் ஆனதும் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாமே, ரேஷன் எந்தக் கெழம? போன வாரம் போனா குடுக்கல."

"செவ்வாக்கெழமை."

"நைனாவுக்குக் கண்ணு மருந்து எத்தினி சொட்டு?"

"ரெண்டு. போடலையா?"

"லட்சுமி போடுதுன்னு நெனச்சேன்."

"அப்பா போடறாருன்னு நான் நெனச்சேன்" என்பாள் லட்சுமி.

பரீட்சைப் பணம் கட்டும் தேதியைத் தாண்டிவிட்டு, அபராதத்தோடு கட்டியிருந்தார்கள். பதினைந்து வயசுப் பெண்ணுக்கும் மறந்தது, நாற்பத்தெட்டு வயசு ஆணுக்கும் மறந்தது. அவர்களை யாரும் வயசு கேட்கவில்லை. "ஊட்ல பொம்பள இல்ல, அதான்" என்று பள்ளிக்கூடத்தில் மன்னித்துவிட்டார்களாம். நுரையீரலில் ஓட்டையோடு படுத்திருந்தபடி நான் அடுத்த மாதத்து மண்ணெண்ணெய் வரைக்கும் சொல்லி அனுப்புவேன். அவர்கள் வாசலைத் தாண்டும்போது முனியம்மாவே என்னை முந்திக்கொண்டு, "யப்பா கோயிந்து, கொட!" என்று கத்துவாள். வார்டே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

எதிர் வார்டில் ஆறுமுகம் என்று ஒரு பையன், முப்பது வயசு இருக்கும், லேத்துப் பட்டறையில் வேலை. அவன் மனைவி தம்பி கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தாள். அந்த வாரம் நடையில் மேசை போட்டார்கள். ஆறுமுகத்தின் பாட்டிலில் சொட்டு விட்டார் டாக்டர். நிறம் மாறவில்லை. நான் அடுத்ததாக நின்றுகொண்டிருந்தேன். இவனையும் வயசு கேட்பார் என்று காத்திருந்தேன்.

"உன் சம்சாரம் எங்கய்யா?" என்றார் டாக்டர்.

"கல்யாணத்துக்குப் போயிகீது சார்."

"உடனே வரச் சொல்லு. நோயாளியை விட்டுட்டு என்ன கல்யாணம்?"

அவ்வளவுதான். பேரை எடுப்பேன் என்ற பேச்சே இல்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அந்தப் பெண் மணவீட்டுப் பூவோடு ஓடிவந்தாள். டாக்டர் அவளை நடையில் நிற்க வைத்து, "கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?" என்று திட்டினார். தப்பு செய்தவன் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கட்டிலை விட்டு இறங்கினேன். நடைக்குப் போய்விட்டேன்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"இவரு பாட்டில் மாறலேன்னதும் சம்சாரம் எங்கன்னு கேட்டீங்க. எனக்கு மாறாதப்போ எங்க ஊட்டுக்காரரு எங்கன்னு ஏன் கேக்கல? அன்னிக்கு என் பின்னாடியேதான நின்னுக்கினு இருந்தாரு?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அவர் சிரித்தார், நல்ல மனசோடுதான் சிரித்தார். "அவர் கம்பெனிக்குப் போறவரும்மா. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். இதெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

ஆறுமுகத்தின் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் என் கட்டிலுக்குத் திரும்பி வந்து மத்தியான மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஒன்று கைதவறி உருண்டு ஓடியது. முனியம்மா காலால் நிறுத்தி, தன் புடவையில் துடைத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். கிழவி மறந்துவிடுவாள், ஊட்டிவிடுங்கள். ஆண் மறந்துவிடுவான், மனைவியைக் கூப்பிடுங்கள். சின்னப் பெண் மறந்துவிட்டாள், பாவம், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மறக்கவே கூடாதவள் நான் ஒருத்திதான். அத்தனை பேருக்கும் சேர்த்து நினைவு வைக்கிறவளுக்குத் தன் மாத்திரை தவறினால் மட்டும் அது வயசுக் கோளாறு.

தை பிறந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை இன்னும் பல மாதம் தொடர வேண்டும், வந்து வந்து பாட்டில் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைத்தபோதே எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பழையபடி சாப்பிட்டால் பழையபடி ரத்தம் கக்குவேன்.

மறுநாள் காலை. சாதம் வடித்தேன், குழம்பு இறக்கினேன். கணவர் மணையில் உட்கார்ந்துவிட்டார், மாமனாரும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். நான் என் அலுமினியத் தட்டை எடுத்து, முதல் சோற்றை எனக்குப் போட்டுக்கொண்டு, அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு பெண் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

"இன்னாமே இது?" என்றார் கணவர். கோபம்கூட இல்லை, பதறிப்போனார். "எனுக்குச் சங்கு ஊதப்போவுது."

"எனக்கும்தான் ஊதுது" என்றேன்.

"நைனா பசியோட ஒக்காந்துகீறாரு."

மாமனார் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. பிடிக்கவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. அந்தக் காலத்து மனிதர், பிடிக்காதுதான். நான் தட்டைக் கழுவி வைத்தேன். உடனே அவரிடமிருந்து குரல் வந்தது.

"மருமவளே, மாத்திர."

போட்டுக்கொண்டேன். பிறகு அவர்களுக்குப் பரிமாறினேன். கணவர் அன்றைக்கு ஓடிப்போய்த்தான் கம்பெனி வாசலைப் பிடித்தாராம். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டில், "ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததுலேர்ந்து சரோஜாவுக்குத் திமிரு ஏறிக்கினு கீது" என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒவ்வொரு வேளையும் எனக்குப் பேஜாராகத்தான் இருந்தது. முதல் கவளம் ஒரு நாளும் ருசித்ததில்லை. அந்த வருஷம் ஆடியில் ஒருபொழுது இருக்கவில்லை. அம்மனிடம், உடம்பு தேறட்டும், சேலையைக் கட்டாயம் கட்டுகிறேன் என்று பஸ்ஸிலிருந்தே சொல்லிவைத்தேன்.

ஐப்பசியில் கடைசிப் பரிசோதனை. கணவரும் வந்தார், மழை மேகமாக இருந்ததால் குடையோடு. சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் குழி மூடி, தழும்புபோல ஒரு கோடு. டாக்டர் பாட்டிலில் சொட்டு விட்டார். கருஞ்சிவப்பு. நான் மூச்சை விட்டேன். இனி அடுப்பில் நிற்கலாம், சமையல் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

டாக்டர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லையேங்க. இந்தத் தடவை ஒரு வேளை தவறலை. வீட்ல நீங்க நல்லா ஞாபகப்படுத்தியிருக்கீங்க!"

கணவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எப்போதும்போலத் தலையாட்டினார். "ஆமாங்க சார்" என்றார்.

நான் வெளியே நடந்தேன். அவர் பின்னால் வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்று, பையிலிருந்து சோற்று மூட்டையைப் பிரித்தேன். மத்தியான வேளை ஆகியிருந்தது. மாத்திரையை இன்றோடு நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லவில்லை, கையில் இருப்பதைத் தீர்க்க வேண்டும். முதல் தூறல் விழுந்தது. கணவர் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னாமே, கொடய எங்க வெச்சேன்?"

டாக்டர் அறையில், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டியிருந்தது. வெளியே வரும்போதே பார்த்தேன்.

"தெரியாது" என்றேன். நனையாதபடி சோற்றை முந்தானையால் மூடிக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.